பழைய ஃபோர்டு பிக்கப்ல இக்னிஷன் மாட்யூலை டிஸ்ட்ரிபியூட்டர்ல இருந்து ஃபெண்டருக்கு மாத்துறது எப்படி: முழு வழிகாட்டி

இக்னிஷன் மாட்யூல்னா ஸ்பார்க்குக்கு வோல்டேஜ் ஏத்துற காயிலை ஆன் ஆஃப் பண்ற சின்ன எலக்ட்ரானிக் டப்பா. டிஸ்ட்ரிபியூட்டர்னா அந்த ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரிச்சு அனுப்புறது, ஃபெண்டர்னா வீலுக்கு மேல இருக்குற பாடித் தகடு. மாட்யூல் இன்ஜின் சூட்டுல சாகாம இருக்கத்தான் அதை இடம் மாத்துறோம். இந்த வேலையை கல்ஃப்ல ஷெட்ல இருந்தப்ப நெறைய வண்டில பண்ணிருக்கேன். தண்டையார்பேட்டை வந்தப்புறம் பண்ணது ஒரே ஒரு வண்டி, 1989 எஃப்-150, 5.0 லிட்டர் வி8 பெட்ரோல். கன்சுலேட் ஏலத்துல வந்து கை மாறி கை மாறி இப்ப திருவொற்றியூர் அண்ணன் ஒருத்தர் வீட்டு வாசல்ல நிக்குது. கீழ எழுதுறது எல்லாம் 80கள் கடைசில வந்த, கிரே கலர் மாட்யூல் டிஸ்ட்ரிபியூட்டர் ஓரத்துலயே ஒட்டிக்கினு இருக்குற ஃபோர்டு வண்டிங்களுக்கு. வேற வண்டின்னா பின் வரிசை மாறும், அப்படியே காப்பி அடிக்காதீங்க.

ஒண்ணு மட்டும் மொதல்லயே சொல்லிடுறேன். புதுசா பண்றவங்க எல்லாரும் முதல் வேலையா பானட்டைத் தூக்கி மாட்யூலைக் கழட்டிடுறாங்க, அப்புறம் ஹீட்சிங்க் (சூட்டை இழுத்து வெளியேத்துற அலுமினியத் துண்டு) இல்ல, ஒயர் பத்தல, கடை மூடிட்டான்னு வண்டி நாலு நாள் படுத்துக்கும். நான் பண்றது நேர் எதிரா. டேபிள்ல ஆகுற வேலை மொத்தத்தையும் வண்டி ஓடிட்டு இருக்கும்போதே முடிச்சுட்டு, டிஸ்ட்ரிபியூட்டர்ல கை வைக்கிறதைக் கடைசி நாளைக்கு வச்சுக்குவேன். அந்தக் கடைசி வேலை ரெண்டு மணி நேரம்கூட ஆகாது.

1. மாட்யூல்தான் சாகுதான்னு மொதல்ல உறுதி பண்ணுங்க

வியாதி இப்படித்தான் இருக்கும். காலைல ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆகும், நல்லா ஓடும். எண்ணூர் எக்ஸ்பிரஸ்வேல ஹார்பருக்குப் போற கன்டெய்னர் லாரி வரிசை நடுவுல மாட்டி அரை மணி நேரம் ஐடில்ல நின்னா, சத்தமே இல்லாம ஆஃப் ஆயிடும். செல்ஃப் சுத்தும், ஆனா பிடிக்காது. ஓரங்கட்டி பானட்டைத் திறந்து வச்சுட்டு டீ குடிச்சுட்டு வந்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும்.

காரணம் சிம்பிள். மாட்யூலுக்குள்ள காயிலை ஆன் ஆஃப் பண்ற பவர் டிரான்சிஸ்டர் இருக்கு, அது தானே சூடாகும். அந்தச் சூட்டை இறக்க அதை எங்க ஒட்டிருக்கான்னு பாருங்க, இன்ஜின் மேலேயே இருக்குற டிஸ்ட்ரிபியூட்டர் பாடில. வண்டி ஓடும்போது காத்து அடிக்குறதால தாக்குப்பிடிக்கும். நின்னா இன்ஜின் சூடு மாட்யூலுக்கு ஏற ஆரம்பிக்கும், சூடு இறங்க வேண்டிய பாதைலயே சூடு ஏறி வருது. அக்னி நட்சத்திரத்துல 40 டிகிரி வெயில்னா கேக்கவே வேணாம். ஃபோர்டே பின்னாடி வந்த மாடல்கள்ல இதைத் தனி ஹீட்சிங்க்ல வச்சு ஃபெண்டர் பக்கம் தள்ளிட்டான், நாம பண்ணப்போறதும் அதேதான்.

ஆனா இதே வியாதி இன்னொரு பார்ட்டுக்கும் உண்டு. டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள ஒரு ஹால் சென்சார் இருக்கு, ஷாஃப்ட் சுத்துறதைப் பாத்து பிப் சிக்னல் குடுக்குறது அதுதான். அதுவும் சூட்டுல படுத்து ஆறுனா எழுந்துக்கும். மாட்யூலை எங்க கொண்டுபோய் வச்சாலும் அந்த சென்சார் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளயேதான் இருக்கும், அது கெட்டுருந்தா இந்த வேலை மொத்தமும் வேஸ்ட்.

ஈரத்துணியை மாட்யூல் மேல போட்டு, ஸ்டார்ட் ஆச்சுன்னா மாட்யூல்தான்னு சொல்லுவாங்க. நம்பாதீங்க, ஈரத்துணி போட்டா பக்கத்துல இருக்குற டிஸ்ட்ரிபியூட்டரும் சேர்ந்துதான் குளிரும். ரெண்டுல எதுன்னு அது சொல்லாது.

சரியான வழி, வண்டி சூட்டுல படுத்திருக்கும்போதே, ஆற விடாம, மீட்டர் வச்சுப் பாக்குறது. மாட்யூல்ல குத்துற 6 பின் கனெக்டர் வரிசை இது: 1 இன்ஜின் கம்ப்யூட்டருக்குப் போற பிப் சிக்னல், 2 கம்ப்யூட்டர்ல இருந்து வர்ற ஸ்பவுட் சிக்னல் (எப்ப ஸ்பார்க் விடணும்னு சொல்றது), 3 ஸ்டார்ட் சப்ளை, 4 காயில் நெகட்டிவ், 5 ரன் சப்ளை, 6 எர்த். எந்தப் பக்கத்துல இருந்து எண்றதுன்னு குழம்புனா கனெக்டரைக் கழட்டி, சாவி ஆஃப்ல, பேட்டரி நெகட்டிவுக்கு கன்டினியூட்டி பாருங்க. ஓரத்துல இருக்குற ரெண்டு பின்ல எதுல பீப் அடிக்குதோ அதுதான் 6. இதை வண்டி நல்லா இருக்குற ஒரு நாள்லயே பாத்து மார்க்கர்ல குறிச்சு வச்சுக்குங்க, நடு ரோட்ல லாரிக்காரன் ஹாரன் அடிக்கும்போது எண்ணிக்கிட்டு இருக்க முடியாது.

வண்டி படுத்ததும் கனெக்டரைக் கழட்டாம, பின்னாடி ஒயர் நுழையுற பக்கமா குண்டூசியைச் சொருகி 1ம் பின்ல டிசி வோல்டேஜ் பாத்துட்டே செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. பிப் ஆன் ஆஃப் ஆன் ஆஃப்னு அடிக்கிற சிக்னல், அதனால மீட்டர்ல சராசரியா பேட்டரி வோல்டேஜ்ல ஏறக்குறைய பாதி காட்டும். அடுத்து 4ம் பின், அதுல டெஸ்ட் லைட்டை வச்சு மறுபடி செல்ஃப் அடிங்க, லைட் மினுக்கணும்.

பிப் வருது, 4ல மினுக்கல, 3லயும் 5லயும் சப்ளை சரியா இருக்குன்னா மாட்யூல் படுத்துருச்சு, தைரியமா மேல படிங்க. பிப்பே வரலன்னா அவசரப்படாதீங்க. ஹால் சென்சாருக்குக் கரண்ட் குடுக்குறதே மாட்யூல்தான், அதனால ரெண்டு பேர்ல யார் வேணா குற்றவாளியா இருக்கலாம். நல்ல மாட்யூல் ஒண்ணு போட்டு சூடு ஏத்திப் பாக்கணும், அதுலயும் பிப் வரலன்னா சென்சார்தான். இந்தக் கட்டுரையை மூடிட்டு டிஸ்ட்ரிபியூட்டர் மாத்துங்க.

இன்னொண்ணு, செல்ஃப் அடிக்கும்போது பிடிச்சுட்டு சாவியை விட்டதும் ஆஃப் ஆகுதுன்னா அது 5ம் பின் ரன் சப்ளை, சாவி ஸ்விட்ச் பக்கம் தேடுங்க. இதுக்கே மாட்யூல் மாத்திட்டு வந்தவங்களை எனக்குத் தெரியும்.

2. சாமான்

மாட்யூல். கிரே கலர்னா கிரேதான் போடணும். கறுப்பு மாட்யூல் பாக்க அச்சு அசல் அதே மாதிரி இருக்கும், போட்டா சொருகிக்கவும் செய்யும், ஆனா 3ம் பின்னோட வேலையே வேற. இன்னொரு குழப்பம், ஃபேக்டரிலயே ஃபெண்டர்ல வர்ற டைப் மாட்யூல், அதோட மூணு பின் அமைப்பு நம்மளோடது மாதிரி இருக்காது. ஆர்டர் போடும்போது டிஸ்ட்ரிபியூட்டர்ல மாட்டுற டைப்னு பாத்து வாங்குங்க. ரொம்ப மலிவா வர்றதை வாங்கி நான் ஒருதடவை பட்டுருக்கேன், கடை பேரு வேணாம், ரெண்டே வாரம், அதுவும் நான் பண்ண ஒயரிங்தான் தப்போன்னு மூணு நாள் என்னையே சந்தேகப்பட வச்சது.

செத்துப்போன பழைய மாட்யூல் ஒண்ணு, வண்டில இப்ப இருக்குறது இல்ல, வேற ஒண்ணு. இதுதான் இந்த வேலைக்கு உயிர், ஏன்னு 4வதுல சொல்றேன். தூக்கிப் போட்டுறாதீங்க.

ஹீட்சிங்க். அடிப்பலகை குறைஞ்சது 6 எம்எம் தடிமன், மாட்யூலை விட நாலு பக்கமும் பெருசு, பின்னாடி ஃபின் (தகடு தகடா நீட்டிக்கிட்டு இருக்குறது) இருக்கணும். பழைய ஆம்ப்ளிஃபையர், யூபிஎஸ், இன்வெர்ட்டர் உடைச்ச அலுமினியம் ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கும், நான் புதுப்பேட்டைல ஒரு ஆம்ப் பாடியை எடைக்கு வாங்குனேன்.

ஒயர். சாதா பிவிசி ஒயர் இன்ஜின் சூட்டுல இளகிடும். டெஃப்லான் ஒயர்னு கேளுங்க, ரிச்சி ஸ்ட்ரீட்லயே மீட்டர் கணக்குல தருவாங்க, மூணு கலர். மேல போட வலை மாதிரி பின்னுன காப்பர் ஷீல்டு, அதுக்கு மேல சூடு தாங்குற ஃபைபர் ஸ்லீவ்.

மீதி எல்லாம்: 5.5 எம்எம் சாக்கெட், செவுரு மெல்லிசா இருக்குறது. மாட்யூல் ஸ்க்ரூவைச் சுத்தி இடமே இல்ல, சாதா சாக்கெட் நுழையாது, தடிமனா இருந்தா கிரைண்டர்ல வெளிப்பக்கம் தேச்சு மெலிசாக்குங்க. எம்4 போல்ட், எம்4 டாப் (ஓட்டைக்குள்ள மரை வெட்டுறது), 3.3 எம்எம் டிரில் பிட், வெள்ளை ஹீட்சிங்க் பேஸ்ட், ஹீட் ஷ்ரிங்க், சால்டரிங் அயர்ன், டைமிங் லைட். போல்ட் நட் வாஷர் எல்லாம் பிராட்வே பக்கம் ஒரே தெருவுல முடிஞ்சுடும். ஸ்டெய்ன்லெஸ் வாங்குங்க.

3. இடம் பாக்குறது

வேலைல பாதி இங்கதான் இருக்கு, ஆனா எல்லாரும் அஞ்சு நிமிஷத்துல முடிக்கிறாங்க. எங்க காலி இடம் இருக்கோ அங்க வைக்கிறாங்க, அப்புறம் ஒயர் பத்தலன்னு ஆறு பின் ஒயரையும் வெட்டி நீட்டுறாங்க.

அந்த ஆறு ஒயரை வெட்டாதீங்க. அதுல காயில் நெகட்டிவ் இருக்கு, ஸ்பார்க் விழுற ஒவ்வொரு தடவையும் அதுல பெரிய வோல்டேஜ் குத்து வரும், அதை நீட்டி பிப் ஒயர் கூட சேத்து ஒரே டேப்ல சுத்துனா அந்தக் குத்து பிப்ல ஏறி கம்ப்யூட்டரைக் குழப்பும். நீட்ட வேண்டியது டிஸ்ட்ரிபியூட்டருக்கும் மாட்யூலுக்கும் நடுவுல இருக்குற மூணு சின்ன ஒயர் மட்டும்தான். அதனால கம்பெனி 6 பின் கனெக்டர், அதோட சொந்த ஒயர்ல, டைட் ஆகாம எதுவரைக்கும் எட்டுதுன்னு பாருங்க. நூல் ஒண்ணு கட்டி வட்டம் போட்டுப் பாத்தாலே தெரிஞ்சுடும். அந்த வட்டத்துக்குள்ளதான் இடம் தேடணும். கிளிப்பு ரெண்டைக் கழட்டி விட்டா ஒயர் இன்னும் கொஞ்சம் கூடவே வரும். மூணு ஒயரோட நீளம் ஒரு மீட்டருக்குள்ள நிக்குறது நல்லது.

வட்டத்துக்குள்ள எந்த இடம்? ரேடியேட்டருக்கு நேர் பின்னாடி வேணாம், ஃபேன் தள்ளுறது சூடான காத்து. ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுச் செவுரு) வேணாம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேல போற வழி வேணாம். பேட்டரிக்கு ஒட்டுனாப்ல வேணாம், ஆசிட் புகை அலுமினியத்தைத் தின்னுடும். ஸ்பார்க் பிளக் ஒயர்ல இருந்து ஒரு ஜாண் தள்ளி இருக்கணும். இதெல்லாம் கழிச்சா பெரும்பாலும் உள் ஃபெண்டரோட மேல் பாதிதான் மிஞ்சும், ஹெட்லைட் பக்கம் தள்ளி இருந்தா இன்னும் நல்லது, கிரில்ல இருந்து சூடு ஏறாத வெளிக்காத்து வரும்.

ஏன் மேல் பாதின்னா, மழை. வியாசர்பாடி பக்கம் மழைக்காலத்துல வண்டி ஓட்டுனவங்களுக்குச் சொல்ல வேணாம், தண்ணி வீல் ஆர்ச் வரைக்கும் வரும். ஃபின் மேலயும் கீழயுமா நிக்குற மாதிரி வைங்க, படுக்க வச்சா நிக்குற வண்டில சூடு மேல ஏறிப் போக வழி இருக்காது. நம்ம பிரச்சனையே நிக்குற வண்டிலதான?

4. டேபிள் வேலை ஒண்ணு: மூணு பின் அடாப்டர்

மாட்யூலோட மேல் ஓரத்துல மூணு தகடு பின் இருக்கும், அது நேரா டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள இருக்குற ஹால் சென்சார் சாக்கெட்ல சொருகும். மாட்யூலை எடுத்துட்டா அந்த சாக்கெட்ல சொருக நமக்கு ஏதாவது வேணும். வெளிநாட்ல ரெடிமேடா ஒயர் செட்டு கிடைக்குது, வரவழைக்க முடிஞ்சா வரவழைங்க. இல்லன்னா செத்த மாட்யூல்தான் அடாப்டர். அதோட உடம்பு அந்த இடத்துக்கே செஞ்சது, பின்னு அதே அளவு, ஸ்க்ரூ ஓட்டை அதே இடம், தூசி தண்ணி உள்ள போகாம அதே மாதிரி மூடிக்கும்.

முதுகுல இருக்குற மெட்டல் தகடு பசை போட்டு ஒட்டியிருக்கும். ஹாட் ஏர் கன்ல மிதமா சூடு காட்டி, மெல்லிசான பிளேடை ஓரத்துல விட்டு கொஞ்சம் கொஞ்சமா நெம்புங்க. உள்ள ஜெல்லி மாதிரி சிலிகான், அதுக்கு அடில செராமிக் தகடு. அதை உரசாதீங்க, கிரைண்டர் வைக்காதீங்க, தூளாக்காதீங்க, அந்தத் தூளு மூச்சுல போகக் கூடாது. மாஸ்க் போட்டுட்டு முழுசா நெம்பி எடுத்து ஒரு கவர்ல கட்டித் தனியா வச்சுடுங்க. இப்ப மூணு பின்னோட வேர் தெரியும். அதைச் சுத்தமா சுரண்டி, முதல்ல பின்னுக்கு ஈயம் ஏத்தி, ஒயருக்கும் ஏத்தி, அப்புறம் ரெண்டையும் சேத்து சட்டுன்னு சால்டர் பண்ணி அயர்னை எடுத்துடுங்க. நேரம் எடுத்தா பிளாஸ்டிக் இளகி பின் சாஞ்சுடும், அப்புறம் சாக்கெட்ல சொருகாது. ஒவ்வொரு பின்னுக்கு நடுவுல ஆற விடுங்க.

ஒயர் வெளிய வர்றதுக்கு ஓரத்துல ஒரு பள்ளம் அறுத்து, உள்ள மொத்தமும் சூடு தாங்குற ஆர்டிவி சிலிகான் ரொப்பி மூடிடலாம். வினிகர் வாசம் அடிக்கிற சிலிகான் வேணாம், அந்தப் புளிப்பு காப்பரை அரிக்கும். வாசம் அடிக்காத நியூட்ரல் டைப் கேட்டு வாங்குங்க. ஒரு ராத்திரி முழுக்க காய விடணும். எங்க ஷெட் தம்பி ஒருத்தன் "காஞ்சிருச்சுண்ணா, தொட்டுப் பாத்தேன்"னு ரெண்டு மணி நேரத்துல எடுத்து மாட்டுனான், மேல தோல் மட்டும்தான் காஞ்சிருக்கு, ஒயரை இழுத்ததும் மொத்தமும் பிதுங்கிச்சு.

மறு முனை, நல்ல மாட்யூலோட மூணு பின்னுல சொருகுற பக்கம். அந்தப் பின் அளவுக்கு டைட்டா பிடிக்கிற ஃபீமேல் டெர்மினல் கிரிம்ப் பண்ணி, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ஹீட் ஷ்ரிங்க் போடுங்க. உடைஞ்ச டிஸ்ட்ரிபியூட்டர் கிடைச்சா அதோட சென்சார் சாக்கெட்டையே வெட்டி எடுத்துக்கலாம், அது இன்னும் சுத்தமான வேலை. நல்ல மாட்யூல் பின்ல நேரா சால்டர் வைக்காதீங்க. ரோட்ல மாட்யூல் போச்சுன்னா மாத்துறதுக்கு அங்க எவன்கிட்ட அயர்ன் இருக்கும்?

மூணு ஒயரும் நேருக்கு நேர் போகணும், நடுப்பின் நடுப்பின்னுக்கு, இடது இடதுக்கு. இதுலதான் நெறைய பேர் விழுறாங்க. அடாப்டரைக் கவுத்து வச்சு சால்டர் பண்ணிட்டு, மாட்யூலை நிமித்தி வச்சு கிரிம்ப் பண்ணுவாங்க, இடதும் வலதும் மாறிடும். ஹால் சென்சாருக்கு சப்ளை இடத்துல வேற எதுவாவது போனா சென்சார் காலி. ரெண்டையும் டேபிள்ல ஒரே பக்கமா, மூணு பின்னும் உங்களைப் பாக்குற மாதிரி வச்சு, கலர் பேரை பேப்பர்ல எழுதிட்டு ஆரம்பிங்க.

ஷீல்டை ஒரு முனைல மட்டும், மாட்யூல் பக்கம், எர்த் பண்ணுங்க. மறு முனையை வெட்டி டேப் சுத்தி விட்டுடுங்க. ரெண்டு பக்கமும் எர்த் பண்ணா ஷீல்டுலயே கரண்ட் ஓட ஆரம்பிச்சு, எதைத் தடுக்கப் போட்டோமோ அதையே கொண்டுவரும்.

முடிச்சதும் மீட்டர். ஒவ்வொரு ஒயரும் முனைக்கு முனை ஒரு ஓமுக்குள்ள, ஒண்ணுக்கொண்ணு ஷார்ட் இருக்கக் கூடாது, ஷீல்டுக்கும் ஷார்ட் கூடாது. மீட்டர் மாட்டியிருக்கும்போதே ஒயரை ஆட்டி, வளைச்சுப் பாருங்க.

5. டேபிள் வேலை ரெண்டு: ஹீட்சிங்க்

மாட்யூல் உக்காருற இடம் கண்ணாடி மாதிரி தட்டையா இருக்கணும். கண்ணாடித் துண்டு மேல எமரி பேப்பரை வச்சு அதுல ஹீட்சிங்க்கைத் தேய்ங்க, பழைய டிரான்சிஸ்டர் ஓட்டைங்க ஓரம் மேடா நிக்கும், அது தெரியாம போற வரைக்கும் தேய்க்கணும். அனோடைஸ் கறுப்பு இருந்தா மாட்யூல் உக்காருற இடத்துல மட்டும் எடுத்துடுங்க. செத்த மாட்யூலை வச்சு ஓட்டை மார்க் பண்ணி, 3.3ல ஓட்டை போட்டு எம்4 டாப் அடிங்க, டாப் அடிச்ச ஓரத்துல பிசிறு நிக்கும், அதைக் கவுண்டர் பண்ணி எடுத்துடணும். அந்தப் பிசிறு மேல மாட்யூல் உக்காந்தா நடுவுல காத்துதான் இருக்கும்.

பேஸ்ட், மெல்லிசா. பன் பட்டர் ஜாம் மாதிரி அப்புறவங்களை நெறைய பாத்துட்டேன். பேஸ்ட்டோட வேலை கண்ணுக்குத் தெரியாத பள்ளத்துல இருக்குற காத்தை வெளியேத்துறது மட்டும்தான். பழைய ஏடிஎம் கார்டால இழுத்து, உலோகக் கலர் லேசா தெரியுற அளவுக்கு இருந்தா போதும். சுத்தமா இல்லாம விடுறது அதை விடப் பெரிய தப்பு, மாட்யூல் சீக்கிரம் போயிடும்.

ஸ்க்ரூவை ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி டைட் பண்ணுங்க, கை ஸ்க்ரூ டிரைவர் பிடி அளவுக்குப் போதும். முழு பலம் போட்டா மாட்யூல் தகடு வளைஞ்சு நடுவுல தூக்கிக்கும்.

6. ஃபெண்டர்ல மாட்டுறது

இன்னும் வண்டி ஓடிட்டுதான் இருக்கு, பழைய மாட்யூல் அதோட இடத்துலயே இருக்கு. பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு ஹீட்சிங்க்கை ஃபெண்டர்ல போல்ட் பண்ணுங்க. டிரில் போடுறதுக்கு முன்னாடி ஃபெண்டருக்குப் பின்னாடி என்ன போகுதுன்னு கையை விட்டுத் தடவிப் பாருங்க.

டிஸ்ட்ரிபியூட்டர்ல இருந்தவரை மாட்யூலோட முதுகு இன்ஜினோட எர்த்லயேதான் இருந்துச்சு. ஃபெண்டர்ல அந்த எர்த்தை நம்ப முடியாது, அதுவும் காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் நிக்குற வண்டில. உப்புக் காத்துல பாடி எர்த் எல்லாம் ஒவ்வொண்ணா போயிட்டே இருக்கும். அதனால ஹீட்சிங்க்ல இருந்து இன்ஜின் பிளாக்குக்குத் தனியா ஒரு எர்த் ஒயர் போடுங்க. அலுமினியம் நேரா இரும்புல பட்டாலும் இந்த உப்புல அரிச்சுடும், நடுவுல ரப்பர் வாஷரோ நைலான் வாஷரோ வைங்க, ஓட்டை போட்ட இடத்துல பெயின்ட் தொட்டு வைங்க.

7. இப்பதான் டிஸ்ட்ரிபியூட்டர்

இன்ஜின் முழுசா ஆறி இருக்கணும். பேட்டரி நெகட்டிவ் கழட்டியே இருக்கட்டும். டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைக் கழட்டி ஓரமா சாச்சு வைங்க, பிளக் ஒயரைப் பிடுங்க வேணாம், பிடுங்குனா ஃபயரிங் ஆர்டரை வேற தேடணும்.

5.5 சாக்கெட்ல ரெண்டு ஸ்க்ரூ வந்துடுச்சுன்னா, நில்லுங்க. மாட்யூலை உங்க பக்கமா வெளிய இழுக்காதீங்க. மூணு பின்னும் டிஸ்ட்ரிபியூட்டர் அடிக்குள்ள மேல பாத்து சொருகி நிக்குது. முதல்ல மாட்யூலைக் கீழ்ப்பக்கமா, டிஸ்ட்ரிபியூட்டர் பாடியோட ஒட்டுனபடியே சறுக்கணும், பின் முழுசா சாக்கெட்டை விட்டு வந்தப்புறம்தான் வெளிய எடுக்கணும். பழைய பேஸ்ட் காஞ்சு பசை மாதிரி பிடிச்சிருக்கும், லேசா இடது வலது ஆட்டுனா விடும்.

நான் கத்துக்கிட்டது வலியோடதான். கல்ஃப்ல முதல் வண்டி, பொறுமை இல்லாம ஸ்க்ரூ டிரைவரை விட்டு வெளிய நெம்பிட்டேன், ரெண்டு பின் சாக்கெட்டுக்குள்ளயே உடைஞ்சு நின்னுச்சு. சென்சார் மாத்தணும்னா டிஸ்ட்ரிபியூட்டரை வெளிய எடுத்து, ஷாஃப்ட் அடில கியர் பின்னைத் தட்டி, கியரை பிரஸ்ல எடுத்து, ஷாஃப்ட்டை உருவணும். ரெண்டு மணி நேர வேலை ரெண்டு நாள் ஆச்சு, ஃபோர்மேன் பேசுன பேச்சு இன்னும் காதுல இருக்கு.

அந்த ஸ்க்ரூவுக்கு 5.5 சாக்கெட்டோ கையோ எட்டவே இல்லன்னா டிஸ்ட்ரிபியூட்டரைக் கழட்டித்தான் ஆகணும். அப்ப ரோட்டர் (கேப்புக்கு அடில சுத்துற கை) எங்க பாக்குதுன்னு ஒரு கோடு, பாடி இன்ஜின்ல எங்க உக்காந்திருக்குன்னு ஒரு கோடு, ரெண்டும் மார்க்கர்ல போட்டு ஃபோட்டோவும் எடுத்துட்டுத் தூக்குங்க. தூக்கும்போது கியர் சாய்வால ரோட்டர் கொஞ்சம் திரும்பும், அந்த இடத்தையும் குறிச்சுக்குங்க, திரும்ப இறக்கும்போது அங்க இருந்துதான் ஆரம்பிக்கணும். இந்த நேரத்துல யாரும் இன்ஜினைச் சுத்தக் கூடாது, சாவியை உங்க பாக்கெட்ல போட்டுக்குங்க.

மாட்யூல் இருந்த இடத்தைத் துடைச்சு, அடாப்டரை அதே மாதிரி கீழ இருந்து மேல சறுக்கி சொருகி, பழைய ஸ்க்ரூவையே போடுங்க. மூணு ஒயர் கேபிளைப் பிளக் ஒயர்ல இருந்து விலக்கி, ஃபேன் பெல்ட்ல இருந்து விலக்கி, ரெண்டு மூணு இடத்துல கிளிப் போடுங்க. இன்ஜின் ஆடும், ஃபெண்டர் ஆடாது, அதனால நடுவுல கொஞ்சம் தொய்வு விடணும். கேபிள் மாட்யூலுக்குக் கீழ ஒரு வளைவு இறங்கி அப்புறம் ஏறுற மாதிரி விட்டீங்கன்னா மழைத்தண்ணி கனெக்டருக்குள்ள போகாம அந்த வளைவுல சொட்டிடும். 6 பின் கனெக்டரை மாட்டுங்க, லாக் டிக்குனு விழணும்.

8. ஸ்டார்ட் பண்றதும் டைமிங்கும்

பேட்டரி மாட்டி ஸ்டார்ட் பண்ணுங்க. ஸ்டார்ட் ஆகலன்னா பதறாம 1ம் பின் பிப்ல இருந்து ஆரம்பிங்க. பழைய மாட்யூல்ல பிப் வந்துச்சு இப்ப வரலன்னா மொதல்ல உங்க மூணு ஒயரைப் பாருங்க, அது சரின்னா புது மாட்யூலைச் சந்தேகப்படுங்க. பேட்டரி கழட்டுனதால கம்ப்யூட்டர் மெமரி போயிருக்கும், கொஞ்ச தூரம் ஐடில் ஏறி இறங்கும், அது சரியாயிடும்.

டிஸ்ட்ரிபியூட்டரை அசைக்காம இருந்தா டைமிங் மாறியிருக்காது, ஆனாலும் பாத்துடுங்க. ஒயரிங்ல ஸ்பவுட் கனெக்டர்னு சின்னதா ஒரு பிளக் இருக்கும், அதை உருவிட்டா கம்ப்யூட்டர் டைமிங்ல கை வைக்காது. இன்ஜின் சூடானதும் அதை உருவிட்டு டைமிங் லைட் அடிச்சா டிடிசிக்கு (பிஸ்டன் உச்சில நிக்குற இடம்) முன்னாடி 10 டிகிரி நிக்கணும். பானட்டுக்கு அடில ஸ்டிக்கர் கிழியாம இருந்தா அதுல போட்டிருக்குறதையே வைங்க. திரும்ப பிளக்கை மாட்டுனதும் டைமிங் முன்னாடி ஏறணும். ஏறவே இல்லன்னா ஸ்பவுட் சிக்னல் மாட்யூலுக்கு வந்து சேரல, 2ம் பின்னைப் பாருங்க. வண்டி ஓடத்தான் செய்யும், ஆனா இழுக்காது, பெட்ரோலைக் குடிக்கும்.

அந்தப் பிளக்கைத் திரும்ப மாட்ட மறக்குறவங்க எத்தனை பேர்னு கணக்கே இல்ல. நான் அதை உருவுனதும் ஸ்டியரிங் மேலயே வச்சுடுவேன்.

9. சூட்டுல சோதனை

ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து "சூப்பர்ண்ணே"ன்னு சொல்றது சோதனை இல்ல. இந்த வண்டி நின்னா சாகுற வண்டி, அதனால நிக்க வச்சுத்தான் பாக்கணும். மத்தியானம், வெயில்ல, பானட் மூடி, ஐடில்ல அரை மணி நேரம். அப்புறம் ஆஃப் பண்ணி பத்து நிமிஷம் பானட் மூடியே வச்சுட்டு மறுபடி ஸ்டார்ட். இந்தப் பத்து நிமிஷம்தான் நிஜ பரீட்சை, ஃபேனும் இல்ல, தண்ணியும் ஓடல, சூடு மொத்தமும் பானட்டுக்கு அடில ஏறி நிக்கும்.

ஹீட்சிங்க்கைத் தொட்டுப் பாருங்க. சூடா இருக்கும், இருக்கணும், மாட்யூல் சூடு அதுல இறங்குதுன்னு அர்த்தம். அஞ்சாறு செகண்ட் கை தாங்குச்சுன்னா நல்லாருக்கு. தொட்டதும் கையை எடுக்குற மாதிரி சுட்டா இடம் தப்பு, இல்ல ஹீட்சிங்க் சின்னது. மாட்யூல் சுட்டு ஹீட்சிங்க் ஜில்லுன்னு இருந்தா பேஸ்ட்டு சரியா உக்காரல, பிசிறு பாருங்க.

திருவொற்றியூர் அண்ணன் வண்டியை இப்படி ரெண்டு நாள் பாத்துட்டுத்தான் குடுத்தேன். "இன்னாபா, ஓட்டிப் பாக்காம வாசல்ல நிக்க வச்சு பெட்ரோலை எரிக்கிற"ன்னு கத்துனாரு. எண்ணூர் லைன்ல ஒன்றரை மணி நேரம் மாட்டி, ஆஃப் ஆகாம வீட்டுக்கு வந்த அன்னைக்கு ஃபோன் பண்ணி மீன் வாங்கி வச்சிருக்கேன் வான்னாரு.

10. அப்புறம் பாத்துக்க வேண்டியது

பழைய மாட்யூல் இன்னும் ஆறுனா வேலை செய்யுதுன்னா அதைப் பேஸ்ட் ட்யூபோட, 5.5 சாக்கெட்டோட ஒரு கவர்ல கட்டி டேஷ்போர்டுல போட்டு வைங்க. இப்ப மாட்யூல் ஃபெண்டர்ல, கை எட்டுற இடத்துல இருக்கு, ரோட்ல பத்து நிமிஷத்துல மாத்திடலாம்.

ஒவ்வொரு மழைக்காலம் முடிஞ்சதும் கனெக்டரை உருவி பச்சை பூத்திருக்கான்னு பாருங்க, டைஎலக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம் தடவிட்டு மாட்டுங்க. பிளாக்குக்குப் போற எர்த் ஒயரைக் கழட்டி எமரி போட்டு மாட்டுங்க, கடலோர வண்டின்னா இதை வருஷத்துக்கு ரெண்டு தடவை. ஃபின்ல தூசியும் லாரி கரியும் அடைச்சிருக்கும், ஒரு பழைய பிரஷ் போதும், வாட்டர் சர்வீஸ்ல பிரஷர் கன்னை அந்தப் பக்கம் காட்ட வேணாம்னு பையன் கிட்ட சொல்லிடுங்க.